நாய்க்குட்டி ராத்திரி முழுக்க அழுகிறதா? ஒரு டாக்டர் அப்பா படித்த பாடம்

1/
போன வாரம் ஓ.பி.யில் ஒரு அம்மா. மகனுக்குச் சளி என்று வந்திருந்தார். மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. வீட்ல புதுசா ஒரு நாய்க்குட்டி வந்திருக்கு. ராத்திரி பூரா கத்துது. இந்த சிரப் குடிச்சா பையன் நல்லா தூங்குறான்ல, அதுல ரெண்டு சொட்டு அதுக்கும் குடுக்கலாமா?"

குடுக்கவே கூடாதும்மா என்றேன். ஆனால் ஒரு வார்த்தையில் முடிகிற பதில் இல்லை இது. அதனால்தான் இந்த நீண்ட இழை. பொறுமையாகப் படியுங்கள். நடுவில் என்னுடைய ஒரு தவறும் வரும். அதை எழுதத்தான் இத்தனை மாதம் ஆனது.

2/
முதலில் அந்த சிரப் கதையை முடித்துவிடுவோம்.

நமக்குக் கொடுக்கும் மருந்தை நாய்க்குட்டிக்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், சளி சிரப், தூக்க மாத்திரை எதுவும் வேண்டாம். "கொஞ்சூண்டுதானே" என்பதும் வேண்டாம். ஒன்றரைக் கிலோ உடம்புக்கு அந்தக் கொஞ்சூண்டே அதிகம். நம் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் சில மருந்துகளை நாயின் உடம்பு அதே வேகத்தில் வெளியேற்றாது.

நான் மனுசங்களுக்கு டாக்டர். என் வீட்டு நாய்க்கு நான் மருந்து எழுதுவதில்லை. கால்நடை மருத்துவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

3/
இனி எங்கள் வீட்டுக் கதை.

எங்களுக்குப் பாளையங்கோட்டை. தெரு முனையில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மணல் மேட்டில் ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டிருந்தது. ஒரு நாள் காலை தண்ணி லாரியில் தாய் அடிபட்டுச் செத்துப்போனது. மூன்று குட்டிகளைக் கொத்தனாரும் மற்றவர்களும் ஆளுக்கொன்றாக எடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சிய ஒன்றை என் மகள் தன் சாப்பாட்டுக் கூடைக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு ஒன்பது வயது.

கருப்பும் பழுப்புமாக ஒரு நிறம். "கருப்பட்டி" என்று பெயரும் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு திருப்பி அனுப்ப முடியுமா?

4/
கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு, "ஆறு ஏழு வாரம் இருக்கும். தாய்கிட்ட இன்னும் இருக்க வேண்டிய வயசு" என்றார்.

உண்மைதான். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்பது 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளிலேயே இருக்கிறது. அந்த வாரங்களில்தான் குட்டி தாயிடமும் கூடப்பிறந்ததிடமும் கடிக்கும் அளவு, விளையாடும் அளவு எல்லாம் கற்றுக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவர்கள் "சின்னதா இருந்தா நல்லா பழகும்" என்று ஒரு மாதக் குட்டியைக் கேட்காதீர்கள்.

எங்களுக்கு வேறு வழியில்லை. தாயே இல்லை.

5/
முதல் ராத்திரி. பின்கட்டில், துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சாக்கை விரித்துப் படுக்க வைத்தோம். ஒரு கிண்ணத்தில் பால். கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தோம்.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. முதலில் முனகல். அப்புறம் கீச்சென்ற அழுகை. அப்புறம் ஊளை. விடிய விடிய.

"கத்தட்டும் விடுப்பா. ரெண்டு நாள்ல தொண்டை கட்டி அடங்கிரும்" என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன்.

(அந்தப் பாலும் தப்பு. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காது. மறுநாள் வயிற்றுப்போக்கு.)

6/
இரண்டாம் ராத்திரியும் அதே கதை. காலையில் மாடி வீட்டு ஆச்சி இறங்கி வந்தார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து பதினெட்டு நாள்.

"டாக்டர் தம்பி, சொல்லுதேன்னு வருத்தப்படாதீங்க. பிள்ளை பெத்தவ ரெண்டு ராத்திரியா கண்ணு மூடல. பிள்ளைய உறங்க வெச்சா குட்டி எழுப்பி விட்டுருது."

அவர் சொன்னதில் என்ன தப்பு? எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "இன்னைக்குச் சரி பண்ணிருதேன் ஆச்சி" என்று சொல்லி அனுப்பினேன். எப்படிச் சரி பண்ணுவது என்று மட்டும் தெரியாது.

7/
மூன்றாம் நாள் எனக்கு 24 மணி நேர டியூட்டி முடிந்து வந்த நாள். கண் எரிகிறது. ராத்திரி ஒன்றரை மணி. ஊளை ஆரம்பித்துவிட்டது.

எழுந்து போனேன். கையில் கிடைத்த செய்தித்தாளைச் சுருட்டி, "சத்தம் போடுவியா?" என்று முதுகில் ரெண்டு அடி வைத்தேன்.

குட்டி அலறவில்லை. அப்படியே தரையோடு ஒட்டிப் படுத்து, நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போனது. நிமிர்ந்தால் கதவோரம் என் மகள். ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நானும் எதுவும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

8/
மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் என்னை எழுப்பியிருக்க வேண்டும். குட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து பின்கட்டுக்குப் போனேன்.

மகள் தன் தலையணையையும் போர்வையையும் கொண்டுபோய் அந்தச் சிமெண்ட் தரையில் படுத்திருந்தாள். கொசு மொய்க்கிறது. அவள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கருப்பட்டி சுருண்டு கிடந்தது. இரண்டும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தன.

மூன்று ராத்திரியில் முதல் தடவையாகக் குட்டி தூங்குகிறது. எம்.பி.பி.எஸ். படித்தவன் போட்ட மருந்து ரெண்டு அடி. மூன்றாம் வகுப்பு படிப்பவள் சரியான மருந்தைக் கண்டுபிடித்திருந்தாள்.

9/
இதை நான் தெரிந்து வைத்திருக்க வேண்டியவன். அதுதான் வெட்கம்.

எடை குறைவாகப் பிறந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொல்கிறோமே, கங்காரு பராமரிப்பு. 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது. இன்று உலகம் முழுக்கச் செய்கிறோம். தோலோடு தோல் ஒட்டியிருந்தால் குழந்தையின் உடம்புச் சூடு நிலைக்கிறது, மூச்சும் இதயத் துடிப்பும் சீராகின்றன, அழுகை குறைகிறது. வார்டில் எத்தனை அம்மாக்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்!

10/
நாய்க்குட்டி விஷயத்திலும் ஆராய்ச்சி இருக்கிறது. ஜாக் பாங்செப் என்ற நரம்பியல் அறிஞரும் குழுவினரும் 1978இல் வெளியிட்டது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு, மயக்கம் வராத அளவுக்கு மிகக் கொஞ்சமாக மார்ஃபின் கொடுத்தபோது அவற்றின் அழுகை வெகுவாகக் குறைந்தது.

மார்ஃபின் எதற்குக் கொடுக்கிறோம்? வலிக்கு. அதாவது பிரிவுத் துயரமும் உடம்பு வலியும் மூளைக்குள் ஒரே பாதையைத் தொட்டுக்கொண்டு போகின்றன. ராத்திரி அழுகிற குட்டி அடம் பிடிக்கவில்லை. அதற்கு வலிக்கிறது.

(இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைத் தேடாதீர்கள். நம் கையில் இருக்கிற மருந்து அணைப்பு.)

11/
அதன் இடத்தில் இருந்து பாருங்கள். பிறந்ததிலிருந்து ஒரு நிமிடம்கூடத் தனியாகத் தூங்கியதில்லை. நாலு குட்டியும் தாயும் ஒரே குவியல். சூடு, பால் வாசம், இதயத் துடிப்பு. அந்தக் குவியலில் இருந்து தவறிப்போன குட்டி கத்தினால் தாய் வந்து எடுத்துப் போகும். கத்தாத குட்டி பிழைக்காது.

திடீரென்று ஒரு நாள் குளிர்ந்த தரை, இருட்டு, தெரியாத வாசனை. கத்தாமல் என்ன செய்யும்? "கத்தட்டும் விடு" என்று விட்டால் சில குட்டிகள் ஓய்ந்துபோய் அடங்கும்தான். யாரும் வரமாட்டார்கள் என்று புரிந்துகொண்டு அடங்குவது நிம்மதியான தூக்கம் இல்லை.

12/
கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

விடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டேன். சட்டைக் கை விலகியது. மணிக்கட்டுக்கு மேலே ரெண்டு சின்னப் புள்ளி. காய்ந்த ரத்தம்.

"என்னம்மா இது?"

பேச்சே இல்லை. கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கேட்ட பிறகு சொன்னாள். முந்தாநாள் விளையாடும்போது கடித்துவிட்டதாம். பல் பட்டதாம்.

"ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க அதைத் திரும்பக் கொண்டுபோய் விட்ருவீங்க."

13/
எனக்கு அந்த நிமிடம் ஞாபகம் வந்தது, பல வருடம் முன்பு நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது வந்த ஒரு பையன். இவள் வயதுதான் இருக்கும். தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொண்டது. மின்விசிறிக் காற்று பட்டாலே நடுங்கினான். ரெண்டு மாதம் முன்பு ஒரு குட்டி கடித்ததாம். "குட்டிதானேன்னு விட்டுட்டோம் சார்" என்று அவன் அப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் எங்களால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். அந்தப் பையன் மூன்றாம் நாள் போய்விட்டான்.

14/
இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள்.

குட்டி நாய்க்கும் ரேபிஸ் இருக்கலாம். பல் பட்டாலோ, நகம் கீறினாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ:

- உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15 நிமிடம்.
- மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காதீர்கள்.
- அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ஒன்றையும் விடாதீர்கள்.
- ரத்தம் வரும்படி பல்லோ நகமோ இறங்கியிருந்தால், தடுப்பூசியோடு காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.
- ரெண்டு நாள் கழித்துத் தெரிய வந்தாலும் போங்கள். தாமதமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

15/
அன்று காலையே மகளுக்கு எல்லாம் போட்டாகிவிட்டது. ஊசிக்கு அவள் அழவில்லை. "கருப்பட்டி நம்ம வீட்ல இருக்கும்லப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

யோசித்துப் பாருங்கள். அவள் கடியை மறைத்தது ஊசிக்குப் பயந்து இல்லை. எனக்குப் பயந்து. குட்டி அழுதபோதெல்லாம் நான் காட்டிய எரிச்சலை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வீட்டில் ரேபிஸ் பற்றி நாலு தடவை வகுப்பெடுத்த டாக்டரின் மகளே மறைக்கிறாள் என்றால் மற்ற வீட்டில்?

உங்கள் பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள்: "கடிச்சா, கீறினா சொல்லு. திட்ட மாட்டோம். குட்டியையும் விரட்ட மாட்டோம்." ஊசிக்கு முன்னால் போட வேண்டிய தடுப்பூசி இதுதான்.

16/
சரி. நாலாம் ராத்திரியிலிருந்து என்ன செய்தோம்?

இடத்தை மாற்றினோம். பின்கட்டு வேண்டாம். ஒரு அட்டைப் பெட்டி, குட்டி சுற்றி வந்து படுக்கும் அளவு. என் கட்டிலுக்குப் பக்கத்தில், கை தொங்கவிட்டால் எட்டும் தூரத்தில். உள்ளே மகளின் பழைய பாவாடை, துவைக்காதது. வாசனை முக்கியம். ஒரு பாட்டிலில் வெந்நீர், மூடியை இறுக்கி, துண்டில் ரெண்டு சுற்றுச் சுற்றி ஒரு ஓரத்தில். சூடு கூடினால் விலகிப் படுக்க இடம் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் இந்தப் பாட்டில் தேவையில்லை.

மாடி ஆச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். உள்ளே போய் ஒரு பழைய சாவி கொடுக்கும் டைம்பீஸ் எடுத்து வந்தார். "இதைத் துணியில சுத்தி வைங்க. தாய் நெஞ்சு அடிக்குதுன்னு நினைச்சு உறங்கும்." வைத்தோம். தூங்க வைத்தது கடிகாரமா, சூடா, என் கையா என்று கேட்காதீர்கள். மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன.

17/
அடுத்தது சிறுநீர்.

ஐந்து வயது வரை குழந்தை படுக்கையை நனைத்தால் அதை நாங்கள் நோய் என்றே சொல்வதில்லை. பை வளரணும், மூளை பழகணும். குட்டிக்கும் அதே. தோராயக் கணக்கு: எத்தனை மாத வயதோ அதோடு ஒன்று கூட்டினால், அத்தனை மணி நேரம் அடக்கும். ஒன்றரை மாதக் குட்டிக்கு ரெண்டு, ரெண்டரை மணி நேரம்.

அதனால் அது அழுது எழுப்பும் முன்பே நாங்கள் அலாரம் வைத்தோம். கடைசியாக 10.30க்கு வெளியே. பிறகு 12.30க்கு மனைவி, 2.30க்கு நான், 4.30க்கு அம்மா. வாசல் தெளித்துக் கோலம் போட எப்படியும் அந்நேரம் எழுந்திருப்பார். "கத்தட்டும் விடு" என்ற அதே அம்மாதான்!

18/
ராத்திரி வெளியே கொண்டுபோகும்போது ஒரே விதி: பேச்சு இல்லை, விளையாட்டு இல்லை, பெரிய விளக்கு இல்லை. தூக்கு, ஒரே இடத்தில் இறக்கு, போனதும் மெதுவாக "சமத்து" என்று ஒரு தடவல், திரும்பப் பெட்டி. இல்லையென்றால் ரெண்டு மணி ஆட்டத்துக்கு நேரம் என்று பழகிவிடும்.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டுக் கொல்லையோ மாடியோ போதும்.

உள்ளே நனைத்துவிட்டால் துடையுங்கள். மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கும்: இந்த ஆள் கண்ணில் படாமல் ஒளிந்து போக வேண்டும் என்று. என் மகள் கடியை மறைத்தது போல.

19/
தூக்கம் பகலில்தான் தொடங்குகிறது.

- சாப்பாட்டை அந்தப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பெட்டி சிறை ஆகக்கூடாது, வீடு ஆக வேண்டும்.
- குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல்கூடத் தூங்கும். ஆனால் படுக்கும் முன் ஒரு மணி நேரம் விழித்து விளையாட விடுங்கள்.
- கடைசிச் சாப்பாடு படுக்க மூன்று மணி நேரம் முன்பு. பகலில் தண்ணீர் தாராளமாக.
- பகலில் ஒரு நிமிடம் தனியாக விட்டுவிட்டு வாருங்கள். பிறகு ஐந்து, பிறகு பத்து. போகிறவர் திரும்பி வருவார் என்று அது நம்ப வேண்டும்.
- ராத்திரி முனகினால் உடனே தூக்காதீர்கள். கையை மட்டும் பெட்டிக்குள் விடுங்கள். அமைதியானால் தூக்கம். எழுந்து சுற்றி மோந்து பார்த்தால் சிறுநீர்.
- இரண்டு வாரம் போனதும் பெட்டியைத் தினமும் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

20/
எல்லா அழுகையும் ஏக்கம் இல்லை. வாந்தி, ரத்தம் கலந்த நாற்றமான வயிற்றுப்போக்கு, சாப்பிடாமை, சோர்ந்து கிடப்பது, உப்பிய வயிறு, வெளுத்த ஈறு: இதில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். குட்டி ஒரே நாளில் கைவிட்டுப் போய்விடும். பூச்சி மருந்து, 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள், மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி எல்லாம் அவர் சொல்லும் தேதியில். குட்டியைத் தொட்ட பிறகு பிள்ளைகள் கை கழுவணும். குடற்புழு நமக்கும் வரும்.

21/
நாலாம் ராத்திரி கருப்பட்டி பத்து நிமிடம் முனகியது. ஐந்தாம் ராத்திரி அதுவும் குறைவு. மூன்று அலாரம் ரெண்டானது, ரெண்டு ஒன்றானது. நாலு மாதம் ஆனபோது 10.30லிருந்து 5 மணி வரை ஒரே தூக்கம். மாடிக் குழந்தை அதற்குப் பிறகும் ரொம்ப நாள் ராத்திரி அழுதது. நாங்கள் யாரும் புகார் சொல்லவில்லை!

இப்போது அதற்கு எட்டு மாதம். மகளின் அறை வாசலில் படுக்கிறது. செய்தித்தாளைச் சுருட்டினால் இன்றைக்கும் ஒரு அடி பின்வாங்கும். அதனால் நான் பேப்பரைச் சுருட்டுவதில்லை. விரித்தே வைத்துப் படிக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஓ.பி.யில் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. "பெட்டியை உங்க கட்டில் பக்கத்துல வைங்க. கையைத் தொங்கப் போட்டுத் தூங்குங்க" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் பையனிடம் குனிந்து, "குட்டி கடிச்சா அம்மாகிட்ட சொல்லணும், சரியா?" என்றேன்.

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "திட்ட மாட்டேன்டா" என்றார் அவர்.